நாற்காலியும் வாக்கும்

கம்பெனி செகரட்டரியாக இருபத்திரண்டு ஆண்டுகள் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதியிருக்கிறேன். அந்தப் புத்தகங்களில் மிக அதிகமாக வரும் சொல் எது என்று யாரேனும் கேட்டால், ‘ஏகமனதாக’ என்றுதான் சொல்வேன். எழுதுவதென்னவோ ஆங்கிலத்தில்தான், தமிழில் சொன்னால், “விரிவாக விவாதிக்கப்பட்டு, ஏகமனதாக ஏற்கப்பட்டது” என்று வரும். அந்த விரிவான விவாதங்களில் சில, மேசையில் வைத்த காபி ஆறுவதற்குள் முடிந்தவை. யாரும் பொய் எழுதச் சொன்னதில்லை. மேசையைச் சுற்றிலும் ஒரு முறை பார்ப்பேன், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். மறுநாள் காலையில் அந்த மௌனத்துக்கு நான் வைக்கும் பெயர்தான் ஏகமனது.

இந்தியாவில் நிறுவன ஆளுகையை, அதாவது கம்பெனிகளை நடத்தும், கண்காணிக்கும் முறையை, சீர்திருத்துவது குறித்துக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிவருகிறோம். 1992இல் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை மோசடி வெடித்த அதே ஆண்டில்தான், சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது. 1998இல் இந்தியத் தொழில் கூட்டமைப்பு தானே முன்வந்து, விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்று ஒரு நெறிமுறையை வெளியிட்டது. மறு ஆண்டு குமார் மங்கலம் பிர்லா குழு அமைந்தது; அதன் பரிந்துரைகள் 2000இல் பங்குச் சந்தைப் பட்டியல் ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவாக நுழைந்தன. பிறகு நரேஷ் சந்திரா குழு, நாராயண மூர்த்தி குழு, 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 2017இல் உதய் கோட்டக் குழு என்று வரிசை நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை அமலாக்கும் படிவங்களை நிரப்பிய கைகள் என்னுடையவை என்பதால், எது வேலை செய்தது, எது காகிதத்தோடு நின்றது என்பதில் எனக்கென ஒரு முடிவு உண்டு. மேசையைச் சுற்றி நாற்காலிகளைக் கூட்டிய சீர்திருத்தங்கள் பெரும்பாலும் பலிக்கவில்லை. முதலாளியின் கையிலிருந்து வாக்கைப் பிரித்த சீர்திருத்தங்கள் பலித்தன. பிந்தையவை எண்ணிக்கையில் மிகக் குறைவு.

சத்யம் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அது பழைய கதை என்பது தெரியும். ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் காலத்தையே சத்யத்துக்கு முன், சத்யத்துக்குப் பின் என்றுதான் பிரிக்கிறோம். 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியது. தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் நடத்திய மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா ஆகிய இரண்டையும் ஏறத்தாழ 160 கோடி டாலர் கொடுத்து வாங்குவது என்ற தீர்மானம் மேசைக்கு வந்தது. சத்யம் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் மேட்டாஸ் என்று வரும். இதைவிட வெளிப்படையாக ஓர் உறவை அறிவிக்க முடியாது. மென்பொருள் நிறுவனம் எதற்காக நிலமும் கட்டுமானமும் வாங்க வேண்டும் என்று ஒரு சாதாரண முதலீட்டாளர் கேட்கக்கூடிய கேள்விக்கு, அந்த மேசையைச் சுற்றி ஆளுக்குக் குறைவில்லை. ஒன்றிய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலர் இருந்தார். புகழ்பெற்ற மேலாண்மைப் பள்ளியின் முதல்வர் இருந்தார். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் இருந்தார். பென்டியம் சிப்போடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் பொறியாளரும் இருந்தார். தீர்மானம் நிறைவேறியது.

அதைத் தடுத்தவர்கள் அந்த அறைக்குள் இருந்தவர்கள் அல்லர். செய்தி வெளியானதும் நியூயார்க் சந்தையில் சத்யத்தின் பங்கு ஒரே நாளில் பாதிக்கும் கீழே போயிற்று, முதலீட்டாளர்கள் கொதித்தனர், சில மணி நேரத்துக்குள் முடிவு திரும்பப் பெறப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராஜு தம் கடிதத்தை அனுப்பினார். இருப்பில் இருப்பதாகக் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றும், அந்தக் காலாண்டில் 24 விழுக்காடாகக் காட்டிய லாப விகிதம் உண்மையில் 3 விழுக்காடுதான் என்றும், சாப்பிடப்படாமல் இறங்குவது எப்படி என்று தெரியாமல் புலிமேல் சவாரி செய்துகொண்டிருந்ததாகவும் அதில் எழுதியிருந்தார். மேட்டாஸ் பேரமே, இல்லாத பணத்தின் இடத்தில் இருக்கிற நிலத்தை வைக்கும் கடைசி முயற்சி என்பதும் அந்தக் கடிதத்திலிருந்துதான் தெரிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், நிறுவன ஆளுகையில் சிறந்து விளங்கியதற்காக லண்டனில் சத்யத்துக்குத் தங்க மயில் விருது கொடுத்திருந்தார்கள். பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. ராஜு குடும்பத்தின் கையில் அப்போது இருந்த பங்குகள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் மற்றவர்களுடையது. ஆனாலும் அந்த அறையில் இருந்த அனைவருக்கும் அது ராஜுவின் கம்பெனி. கம்பெனியைத் தொடங்கித் தன் பிடியில் வைத்திருப்பவரைக் குறிக்கும் ‘புரொமோட்டர்’ என்ற ஒரு சொல்லுக்கு நம் நாட்டில் இருக்கும் எடை அத்தகையது.

நாம் எடுத்துக்கொண்ட வரைபடம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வரையப்பட்டது. 1992இல் வந்த கேட்பரி குழுவின் அறிக்கையும், கணக்கு மோசடியால் என்ரான் நிறுவனம் வீழ்ந்தபின் 2002இல் அமெரிக்கா இயற்றிய சட்டமும் தீர்க்க முயன்ற சிக்கல் என்ன என்று பார்த்தால், அங்கே பங்குகள் லட்சக்கணக்கானோர் கையில் சிதறிக் கிடக்கின்றன. உரிமையாளர் என்று ஒருவரைக் காட்டவே முடியாது. சம்பளத்துக்கு வந்த நிர்வாகிகள் அந்த வெற்றிடத்தில் ராஜாங்கம் நடத்துகிறார்கள். ஆகவே அவர்களைக் கண்காணிக்கச் சார்பற்ற சிலரை இயக்குநர் குழுவில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் அந்த வரைபடம். இங்கே நிலைமை தலைகீழ். உரிமையாளர் அறைக்குள்ளேயே, பெரும்பாலும் தலைமாட்டு நாற்காலியில், உட்கார்ந்திருக்கிறார். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தில் 75 விழுக்காடுவரை அவர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. இங்கே பயப்பட வேண்டியது நிர்வாகி உரிமையாளரை ஏமாற்றுவதைப் பற்றியன்று. பெரிய உரிமையாளர் சிறிய உரிமையாளர்களை ஏமாற்றுவதைப் பற்றி.

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததும் அன்று. 1970 ஏப்ரலில் ஒழிக்கப்படும்வரை நம் நாட்டில் மேனேஜிங் ஏஜென்சி முறை இருந்தது. கம்பெனியின் பங்குகளில் சிறு பகுதியை மட்டுமே வைத்திருந்த ஏஜென்சி, ஒப்பந்தத்தின் பலத்தில் கம்பெனியையே நடத்தியது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் விற்பனைக்கும் கொள்முதலுக்கும் கமிஷன் எடுத்தது. அந்த முறை போயிற்று, மனப்பாங்கு போகவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் புரொமோட்டர் என்பவருக்குத் தரும் இலக்கணங்களுள் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: எவருடைய ஆலோசனை, கட்டளை, அறிவுறுத்தலின்படி நடப்பது இயக்குநர் குழுவுக்கு வழக்கமோ, அவர் புரொமோட்டர். இவ்வளவு நேர்மையான வரி நம் சட்டங்களில் அரிது. இயக்குநர் குழு யார் சொல் கேட்கும் என்று இரண்டாம் பிரிவில் ஒத்துக்கொண்ட அதே சட்டம், 149ஆம் பிரிவுக்கு வரும்போது, அந்தக் குழுவில் மூன்றில் ஒருவர் சுயேச்சை இயக்குநராக இருந்து அவரைக் கண்காணிப்பார் என்கிறது.

சுயேச்சை இயக்குநர் எப்படி வருகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கோவைப் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு நடுத்தர நிறுவனத்தில், பத்தாண்டு முடிந்து ஒருவர் விலகவேண்டிய நேரம் வந்தது. எம்.டி. என்னை அழைத்து, “நமக்குத் தெரிஞ்ச நல்ல மனுஷனா ஒருத்தரப் பாருங்க” என்றார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அவர் நல்ல மனிதரைத்தான் தேடினார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் கிடைத்தார். எம்.டி.யின் ரோட்டரி நண்பர், உறவினர் அல்லர், கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, சட்டம் கேட்கும் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட முடிந்தது. நியமனக் குழு கூடியது, பரிந்துரைத்தது, பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. அவருக்கு ஒரு கூட்டத்துக்கு அமர்வுக் கட்டணம் உண்டு, அதன் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய், காரும் வரும். அப்படி வந்தவர், தம்மை அழைத்து உட்கார வைத்தவரின் எதிரே உட்கார்ந்து, “உங்கள் தம்பியின் கம்பெனியிடமிருந்து ஏன் வாங்குகிறோம்?” என்று கேட்கவேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நம் ஊரில் விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் உப்பு குறைவு என்று சொல்லவே நமக்கு நாக்கு எழாது.

கேட்க நினைப்பவருக்கும் நேரம் கிடைக்காது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அஜெண்டாவும் குறிப்புகளும் போய்ச் சேரவேண்டும் என்பது செயலகத் தரநிலை. ஆனால் சந்தை விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவல்களைக் குறுகிய அவகாசத்தில் தரலாம் என்று அதிலேயே ஒரு விலக்கு உண்டு. காலாண்டுக் கணக்கு அந்த வகையில் சேர்ந்துவிடும். ஆக, நிதியாண்டின் மிக முக்கியமான தாள்கள் மட்டும் கூட்டத்துக்கு முந்தைய இரவு பத்தரை மணிக்குப் போகும். நான் அனுப்பிய மிகப் பெரிய தொகுப்பு முந்நூற்று நாற்பது பக்கம். மறுநாள் காலை பதினொன்றுக்குக் கூட்டம். பெறுபவர்களில் இருவர் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒருவர் காலையில் போன் செய்து, “எந்தப் பக்கத்தைப் படிக்கணும்னு மட்டும் சொல்லுங்க சார்” என்று கேட்டார். சொன்னேன். அவர் படிக்கவேண்டிய பக்கங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவன், அவர் கண்காணிக்கவேண்டியவரிடம் சம்பளம் வாங்குபவன் என்பது அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்துவோருக்குத் தெரியாமல் இல்லை. ஒருவர் ஐந்தாண்டு வீதம் தொடர்ச்சியாக இரண்டு முறைக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். ராஜினாமா செய்தால் காரணத்தை விரிவாகச் சொல்லவேண்டும் என்றார்கள். 2019இல் சுயேச்சை இயக்குநர்களுக்கென ஒரு தரவு வங்கியும், அனுபவத்தைக் கணக்கில் கொண்டு சிலருக்கு விலக்களித்து, மற்றவர்களுக்கு இணையவழித் தேர்வும் கொண்டுவந்தார்கள். சரியான விடையை டிக் செய்கிற தேர்வு அது. சார்பின்மையைக் கொள்குறி வினாவால் அளக்க முடியும் என்று நம்பிய அந்த அதிகாரியைச் சந்தித்தால் ஒரு வணக்கம் போடுவேன்.

எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஒரு பாடம் வைத்திருக்கிறது. அக்டோபர் 24 அன்று, டாட்டா குழுமத்தின் தாய் நிறுவனமான டாட்டா சன்ஸின் தலைவர் பொறுப்பிலிருந்து சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்டார். குழும நிறுவனங்கள் சிலவற்றில் சுயேச்சை இயக்குநராக இருந்த நுஸ்லி வாடியா அவருக்குச் சார்பாக நின்றார். அந்த டிசம்பரிலேயே டாட்டா ஸ்டீல், டாட்டா மோட்டார்ஸ், டாட்டா கெமிக்கல்ஸ் ஆகிய மூன்றிலும் சிறப்புப் பொதுக்கூட்டங்கள் கூட்டப்பட்டு, பாதிக்கு மேல் வாக்கு இருந்தாலே போதுமான சாதாரணத் தீர்மானத்தால் வாடியா நீக்கப்பட்டார். புரொமோட்டரான டாட்டா சன்ஸும் அதில் வாக்களித்தது. சட்டப்படி அதில் தவறேதும் இல்லை. வாடியாவின் பக்கம் நியாயம் முழுக்க இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே குழுமத்தின் மேசைகளில் பல்லாண்டு காலம் உட்கார்ந்தவரைச் சுயேச்சை என்று அழைப்பதே கொஞ்சம் சங்கடமானது. ஆனால் அந்த மாதம் நாடெங்கும் இருந்த சுயேச்சை இயக்குநர்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அதை அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் நான் கேட்ட மௌனத்திலேயே உணர்ந்தேன்.

இனி பலித்ததைச் சொல்கிறேன். 2014இல், 2013ஆம் ஆண்டுச் சட்டமும் செபியின் திருத்திய விதிகளும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன: தொடர்புடைய தரப்போடு செய்யும் பெரிய பரிவர்த்தனைகளைப் பங்குதாரர்களின் வாக்குக்குக் கொண்டுவர வேண்டும், அந்த வாக்கெடுப்பில் தொடர்புடையவர்கள் ஆதரித்து வாக்களிக்கக்கூடாது. அதாவது, கம்பெனி தம்மிடமிருந்தோ தம் குடும்பத்திடமிருந்தோ வாங்கும்போது, 70 விழுக்காடு வைத்திருக்கும் முதலாளியும் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும்; மீதி முப்பதில் யார் வாக்களிக்கிறார்களோ அவர்கள்தான் முடிவு சொல்வார்கள். கூடவே மின்வாக்கும் வந்தது. அதற்கு முன்பு பொதுக்கூட்டம் என்றால் சென்னையில் ஏதாவது ஒரு சபா அரங்கம், கையெழுத்துப் போட்டால் ஒரு டிபன் டப்பா, “தலைவரின் சீரிய தலைமையில்” என்று தொடங்கும் நான்கு பேச்சு, பிறகு கை உயர்த்தல், அவ்வளவுதான். மும்பையில் உட்கார்ந்திருக்கும் மியூச்சுவல் ஃபண்டு மேலாளர் அந்த டிபன் டப்பாவுக்காகச் சென்னைக்கு வரமாட்டார். மின்வாக்கு வந்தபின் அவர் வரவேண்டியதில்லை.

விளைவு அந்த ஆண்டிலேயே தெரிந்தது. 2014 ஜூலையில் டாட்டா மோட்டார்ஸ் தன் உயர் நிர்வாகிகளின் ஊதியத்துக்காக வைத்த சிறப்புத் தீர்மானங்கள் தேவையான நான்கில் மூன்று பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றன. நவம்பரில் யுனைடெட் ஸ்பிரிட்ஸ், விஜய் மல்லையாவோடு தொடர்புடைய நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் உட்பட வைத்த 12 தீர்மானங்களில் 9ஐப் பங்குதாரர்கள் தள்ளிவிட்டனர். மாருதியின் கதை இன்னும் நுட்பமானது. குஜராத் ஆலையை மாருதி கட்டாது, தாய் நிறுவனமான சுசுகியே முழுக்கத் தனக்குச் சொந்தமான துணை நிறுவனம் வழியாகக் கட்டி, கார்களை மாருதிக்குத் தரும் என்று 2014 ஜனவரியில் அறிவித்தார்கள். மியூச்சுவல் ஃபண்டுகள் கூட்டாக எதிர்ப்புக் கடிதம் எழுதின. நிபந்தனைகள் திருத்தப்பட்டன, சிறுபான்மைப் பங்குதாரர்களின் வாக்குக்கு விடுவோம் என்று நிறுவனம் ஒத்துக்கொண்டது, 2015 டிசம்பரில் அவர்கள் ஒப்புதல் தந்தார்கள். தீர்மானம் தோற்கவில்லை என்பதை வைத்து இதைப் பங்குதாரர்களின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாக்கு இருக்கிறது என்பதற்காகவே நிபந்தனைகளைத் திருத்திக்கொண்டு வந்தார்களே, அதுதான் எண்ணிக்கைக்கு முன்பே நடந்த வெற்றி. நம் சென்னையில் புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷரிலும் 2021 ஆகஸ்டில் இதே போன்றதுதான் நடந்தது: நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனமும் ஊதியமும் சேர்ந்த சிறப்புத் தீர்மானம் தோற்றது, ஊதியத்துக்கு வரம்பு கட்டித் திரும்பக் கொண்டுவந்தபோது நிறைவேறியது.

ஆனால் வாக்கைப் பிரிப்பதில் ஒழுங்குபடுத்துவோருக்கே கை நடுங்குகிறது. சுயேச்சை இயக்குநரை நியமிக்கும்போது மொத்தப் பங்குதாரர்களின் ஒப்புதலோடு, புரொமோட்டரைத் தவிர்த்த சிறுபான்மையினரின் ஒப்புதலும் தனியே வேண்டும் என்று 2021 மார்ச்சில் செபி ஒரு கலந்தாய்வு அறிக்கையில் முன்மொழிந்தது. இத்தனை ஆண்டில் நான் படித்த முன்மொழிவுகளில் மிகச் சரியானது அதுதான். ஜூனில் அது சிறப்புத் தீர்மானமாகச் சுருங்கி, 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. சிறப்புத் தீர்மானம் என்றால் பதிவான வாக்கில் 75 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். புரொமோட்டரிடம் 60 விழுக்காடு, மற்றவர்களிடம் 40. அந்த நாற்பதில் பாதிப் பேர்தான் வாக்களிக்க வருகிறார்கள் என்றால் மொத்தம் பதிவானவை 80. அதில் அறுபது என்பது சரியாக 75 விழுக்காடு. வந்த வெளியார் ஒருவர் பாக்கியில்லாமல் எதிர்த்தாலும் தீர்மானம் நிறைவேறிவிடும்.

தலைவர் பதவியையும் நிர்வாக இயக்குநர் பதவியையும் பிரிக்கும் விதிக்கும் இதே கதிதான். கோட்டக் குழு பரிந்துரைத்ததை ஏற்று, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களில் இரண்டு பதவியையும் ஒருவரே வகிக்கக்கூடாது, இருவரும் உறவினராகவும் இருக்கக்கூடாது என்று செபி விதித்தது. 2020 ஏப்ரல் முதல் என்றார்கள். 2022 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். 2022 பிப்ரவரியில், கெடுவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, விருப்பப்பட்டவர்கள் செய்யலாம் என்று முடித்துவிட்டார்கள். அப்பா தலைவர், மகன் நிர்வாக இயக்குநர் என்பது நம் தொழில்துறையின் கூரையைத் தாங்கும் தூண். பெண் இயக்குநர் விதியோ நகைச்சுவையாகத் தொடங்கியது: ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்று கெடு வைத்ததும், எத்தனையோ புரொமோட்டர்களின் மனைவியரும் மகள்களும் ஒரே மாதத்தில் இயக்குநர்களாயினர். முதல் ஆயிரம் நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்று 2020இல் மாற்றிய பிறகுதான் அது சற்று நிமிர்ந்தது. குடும்பத்துப் பெண்ணுக்கு இடம் கேட்டபோது என்ன நடந்தது என்பதையும் சென்னை பார்த்திருக்கிறது. முருகப்பா குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில், மறைந்த எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம் இயக்குநர் பதவி கேட்டார். 2020 செப்டம்பரில் 91 விழுக்காட்டுக்கு மேல் எதிராக வாக்களித்தார்கள். அது பட்டியலிடாத குடும்ப நிறுவனம். செபியின் விதி அதன் வாசலோடு நின்றுவிடும். 2023இல் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டது.

தனியார் முதலாளிகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன். இந்த நாட்டின் மிகப் பெரிய புரொமோட்டர் ஒன்றிய அரசு. அதன் நடத்தை எல்லாரையும்விட மோசம். ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில், கெயில் போன்ற நிறுவனங்கள் போதிய சுயேச்சை இயக்குநர்கள் இல்லாததற்காகவும், பெண் இயக்குநர் இல்லாததற்காகவும், காலாண்டுதோறும் பங்குச் சந்தைகளிடம் அபராதம் கட்டுகின்றன. நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கணக்கில், ஒரு காலாண்டுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்து ஐந்தே கால் லட்சத்துக்குச் சற்று மேல் வரும். இரண்டு சந்தைக்கும் தனித்தனி. விளக்கம் கேட்டால், இயக்குநர்களை நியமிப்பது அமைச்சகம், எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று நிறுவனங்கள் பதில் எழுதுகின்றன. பதில் உண்மைதான். விதியை மீறியவர் அமைச்சகம், அபராதம் கட்டுவது கம்பெனி, அந்தப் பணம் சிறு பங்குதாரர்களுடையதும் கூட. 2012இல் லண்டனைச் சேர்ந்த டிசிஐ என்ற முதலீட்டு நிதி, நிலக்கரியைச் சந்தை விலைக்கு விற்காமல் அரசு சொன்ன விலைக்கு விற்றுப் பங்குதாரர்களை நஷ்டப்படுத்தியதாகக் கோல் இந்தியாவின் இயக்குநர்கள்மேல் வழக்குப் போட்டது. ஒரு விழுக்காடு வைத்திருந்தவர் தொண்ணூறு விழுக்காடு வைத்திருந்தவரை எதிர்த்த வழக்கு. சில ஆண்டில் பங்கை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். மலிவு மின்சாரம் வேண்டும் என்பதில் அரசின் பக்கமும் நியாயம் உண்டு என்பது வேறு. அப்படியானால் பொதுமக்களிடம் பங்கு விற்றிருக்கக் கூடாது.

தணிக்கையாளர் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் அங்கே முன்னேற்றம் கண்கூடு. ஒரே தணிக்கை நிறுவனம் பத்தாண்டுக்கு மேல் தொடர முடியாது என்ற விதி 2017இல் கடித்தது. அடுத்து வருபவன் என் கோப்பைத் திறப்பான் என்ற பயம் மனிதரைத் திருத்துவதுபோல் எந்தச் சட்டமும் திருத்தாது. 2018 மே மாதம், மாம்பழச் சாறு விற்ற மன்பசந்த் பெவரேஜஸின் தணிக்கையாளரான டெலாய்ட், ஆண்டுக் கணக்கு வெளியாகச் சில நாள் இருக்கும்போது கேட்ட விவரங்கள் வரவில்லை என்று விலகியது, பங்கு சரிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்து, தணிக்கையாளரைத் தணிக்கையாளர்களே விசாரிக்கும் பழைய ஏற்பாடு பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை முடிவுக்கு வந்தது. அதே நாளில்தான் 91,000 கோடி ரூபாய்க் கடனோடு தள்ளாடிய ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தின் இயக்குநர் குழுவை அரசு கலைத்தது. அங்கே குடும்ப முதலாளி என்று யாரும் இல்லை. எல்ஐசி, ஸ்டேட் வங்கி போன்ற பெரிய நிறுவனங்களே பங்குதாரர்கள். என் கருத்துக்கு முழுமையாக அடங்காத உதாரணம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கோவைப் பக்கத்து நிறுவனத்துக்கே திரும்பி வருகிறேன். எம்.டி.யின் தம்பி நடத்தும் தனியார் கம்பெனியிடமிருந்து உதிரிபாகங்கள் வாங்குவது முப்பதாண்டு வழக்கம். அந்தத் தொகை ஆண்டு விற்றுமுதலில் பத்து விழுக்காட்டைத் தாண்டியதால் வாக்குக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தணிக்கைக் குழுவில் ரோட்டரி நண்பர் உட்பட மூவரும் ஏகமனதாக ஏற்றார்கள். நான் வழக்கம்போல ஒன்றரைப் பக்கத்தில் விளக்க அறிக்கை எழுதி, “சந்தை நிலவரத்துக்கு ஏற்ற விலையில்” என்று ஒரு வரி சேர்த்து, ஐந்தாண்டுக்கு அனுமதி கேட்டு அனுப்பினேன். எப்படி வாக்களிக்கலாம் என்று முதலீட்டாளர்களுக்குச் சொல்லும் வாக்கு ஆலோசனை நிறுவனம் ஒன்று அந்த வரிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, எதிர்த்து வாக்களிக்கச் சொன்னது. வாக்குகளைச் சரிபார்த்து எண்ணும் ஸ்க்ரூட்டினைசரின் அறிக்கை மாலையில் வந்தது. பதிவான வாக்கில் 58 விழுக்காடு எதிர்ப்பு.

எம்.டி. அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, உண்மையாகவே புரியாத முகம். “யாருங்க இவங்க? நம்ம கம்பெனில இவங்களுக்கு என்ன வேலை?” என்றார். பங்குதாரர் பட்டியலை எடுத்து வைத்தேன். இரண்டு மியூச்சுவல் ஃபண்டு, ஓர் ஓய்வூதிய நிதி, பிறகு நூறு, இருநூறு பங்கு வைத்திருந்த ஆட்கள். திருப்பூரிலிருந்து ஒருவர், நாகர்கோவிலிலிருந்து ஒருவர். அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்.

அடுத்த தீர்மானம் ஐந்து மாதம் கழித்துப் போயிற்று. ஐந்தாண்டுக்குப் பதிலாக ஓராண்டு. தம்பியின் விலையோடு வெளியார் மூவரின் விலைப்பட்டியல். இரண்டு பாகங்களுக்குத் தம்பி விலையைக் குறைத்திருந்தார். விளக்க அறிக்கை பதினொரு பக்கம் வந்தது. நிறைவேறியது, ஆனால் ஏகமனதாக அன்று. எத்தனை விழுக்காடு ஆதரவு, எத்தனை எதிர்ப்பு என்று இரண்டு தசம இடம்வரை மினிட்ஸில் எழுதிவைத்தேன்.